பசியைச் சொல்லத் தெரியாத நட்சத்திரம்

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி ஆண்டு தவறாமல் இருக்கும். "குடும்பத்தோடு பங்கோர் தீவுக்குப் போயிருந்தோம். பிள்ளை அங்கே நட்சத்திர மீனைப் பார்த்ததிலிருந்து வீட்டிலும் ஒன்று வேண்டும் என்கிறாள். வளர்க்கலாமா?" இம்முறை வேலைக்குப் போகும் இளைஞர்கள் சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் ஒரு வரி கூடுதல்: "மீனைப் போல ஓடியாடாமல் ஓரிடத்தில் கிடக்கிறதே, பராமரிப்பு சுலபம்தானே?"

வளர்க்கலாம். நானும் வளர்க்கிறேன். குனோங் ராபாட்டில் என் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் நான்கு அடித் தொட்டியில் ஒரு நட்சத்திரம் இப்போது ஆறாவது ஆண்டில் இருக்கிறது. ஆனால் சுலபம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தொட்டிக்கு வரும் நட்சத்திரங்களில் பல பட்டினியால் சாகின்றன. அதுவும் மிக மெதுவாக, ஓசையில்லாமல். பட்டினி தொடங்கி மாதக்கணக்கான பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவரும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மலையடிவாரத்தில் ஒரு கடல்

குனோங் ராபாட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஹியோங் பியா பிஸ்கட்டும் குகைக் கோயில்களும் நினைவுக்கு வரும். லுமுட் கடற்கரைக்கு இங்கிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் வீட்டுப் பின்னால் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளே ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவைதான். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்தக் கிந்தா பள்ளத்தாக்கு ஆழம் குறைந்த வெப்பக் கடலாக இருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் எலும்பும் படிந்து இறுகித்தான் இந்தச் சுண்ணாம்பு உண்டானது. கம்பாருக்கு மேற்கே உள்ள பாறைப் படிவுகளை ஆராய்ந்து 1968-இல் கட்டுரை வெளியிட்டவர் சுந்தரலிங்கம் என்ற புவியியலாளர். அங்கே கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் நன்றாகக் கிடைத்தன. ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளில் சுண்ணாம்பு பெரும்பாலும் சலவைக்கல்லாக மாறிவிட்டதால், படிவங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

நட்சத்திரங்களின் குலம் இந்தக் குன்றுகளையும் விடப் பழையது. இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய படிவத்தின் வயது சுமார் 48 கோடி ஆண்டுகள். அவற்றின் தோலுக்கடியில் இருக்கும் எலும்புத் தகடுகளும் சுண்ணாம்பு வகைதான்.

இதைச் சொல்லும்போது ஒரு நடைமுறைக் கேள்வியும் வரும்: "அப்படியானால் குன்றடியில் கிடக்கும் கல்லையே தொட்டியில் போடலாமா?" கடல்நீர்த் தொட்டியில் சுண்ணாம்புக் கல்லால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நமக்குத் தேவை துளைகள் நிறைந்த கல். நீரைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியாக்கள் அந்தத் துளைகளில்தான் குடியிருக்கும். நம் குன்றுக் கல் இறுகிய கல். அதில் அவற்றுக்கு இடம் குறைவு. கிந்தா பள்ளத்தாக்கு 2018 முதல் தேசியப் புவிப்பூங்கா. அங்கிருந்து கல் பெயர்த்து வருவதும் முறையல்ல. கடையில் விற்கும் துளைக்கல்லே போதும்.

மீன் என்று பெயர், மீனே அல்ல

நட்சத்திர மீனுக்குச் செதிலும் கிடையாது, முதுகெலும்பும் கிடையாது. மலாய்க்காரர்கள் அதைத் தாப்பாக் சுலைமான் என்கிறார்கள். சுலைமானின் பாதச்சுவடு என்று பொருள். பெயரில் மீனைச் சேர்க்காதது நல்லதுதான். முள்தோலிகள் என்ற தொகுதியில் கடல் அட்டையும் கடல் முள்ளெலியும் அதன் சொந்தக்காரர்கள்.

அதன் உடம்பில் இரத்தம் இல்லை. மேற்புறத்தில் நடுவட்டத்துக்குச் சற்று ஓரமாக, சல்லடை போன்ற ஒரு சிறு தகடு இருக்கும். அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே போய், குழாய்களில் ஓடி, கரங்களின் அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களை நிரப்புகிறது. நடப்பது, பற்றுவது எல்லாம் அந்த நீரழுத்தத்தால்தான். மூச்சு விடுவதற்கும் இந்தக் கால்கள் உதவுகின்றன. தொட்டி நீரே அதன் உடம்புக்குள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் உப்பு திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் மீனுக்கு முன்னால் நட்சத்திரம் அடிபடுவது இதனால்தான்.

மூளை என்று தனியாக ஒன்று இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், ஒவ்வொரு கரத்துக்கும் ஒரு நரம்பு, கரத்தின் நுனியில் வெளிச்சத்தை உணரும் சிறு கண்புள்ளி. அவ்வளவுதான். 2023-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மற்ற உயிர்களில் தலையை உருவாக்கும் மரபணுக்கள் நட்சத்திரத்தின் உடல் முழுக்க வேலை செய்வதாகவும், உடற்பகுதியை உருவாக்கும் மரபணுக்கள் அதன் தோலில் ஏறக்குறைய இல்லை என்றும் அதில் கண்டார்கள். ஊர்ந்து போகும் ஒரு தலை என்று அதைச் சொன்னால் தவறில்லை.

சாப்பிடும் விதமும் விநோதம். வாய் அடியில் இருக்கிறது. உணவின் மேல் ஏறி உட்கார்ந்து, வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளி, உணவைப் போர்த்தி, அங்கேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும் வகைகள் பல. உறிஞ்சிய சத்தை ஒவ்வொரு கரத்துக்குள்ளும் இருக்கும் சுரப்பிப் பைகளில் சேமித்து வைக்கும்.

நம் விஷயம் இந்தச் சேமிப்பில்தான் இருக்கிறது. உணவு கிடைக்காத நாள்களில் நட்சத்திரம் கரங்களில் உள்ள சேமிப்பை எடுத்துச் சாப்பிடும். அது தீர்ந்ததும் தன் உடம்பையே கரைத்துக்கொள்ளும். வெளியே சுண்ணாம்புத் தகடுகள் இருப்பதால் வடிவம் அப்படியே நிற்கும். குதிரின் சுவர் நிற்கிறது, உள்ளே நெல் காலியாகிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

மீன் பசித்தால் கண்ணாடி அருகே வந்து நிற்கும். ஆளைப் பார்த்ததும் துள்ளும். நட்சத்திரத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பசித்த நட்சத்திரமும் வயிறு நிறைந்த நட்சத்திரமும் ஒரே மாதிரிதான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு சின்னப் பெண்ணின் கேள்வி

எங்கள் தாமானில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஏழு வயது மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தம்பி போன் செய்தார். "அண்ணே, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறீங்களா? பாப்பா அழுதுகிட்டே இருக்கா."

இரண்டு அடித் தொட்டி. அறுபது லிட்டர் நீர் பிடிக்கும். இரண்டு விரல்கடை உயரத்துக்கு மணல். இரண்டு கோமாளி மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. மணலின் மேல் ஒரு நட்சத்திரம் கிடந்தது. சேண்ட் சிஃப்டிங் ஸ்டார் என்று விற்கிறார்களே, ஆஸ்ட்ரோபெக்டன் வகை, அது. மணலுக்குள் புதைந்து இரை தேடுவது அதன் இயல்பு. நான்கு மாதங்களுக்கு முன்பு, "மணலைச் சுத்தமாக வைத்திருக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் அது மணலுக்குள் முங்குவதும் வேறு மூலையில் எழுவதுமாக இருந்ததாம். பாப்பாவுக்கு அதுதான் விளையாட்டு, எங்கே எழும் என்று விரல் வைத்துச் சொல்வாளாம்.

இப்போது அது முங்கவில்லை. ஒரு கரத்தின் நுனி கரைந்திருந்தது. "அங்கிள், இதோட கையெல்லாம் ஒல்லியா ஆயிருச்சு" என்றாள் அவள். பெரியவர்கள் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"நாங்க தினமும் தீனி போட்டோமே அண்ணே. மீனுக்குப் போடறது அதுக்கும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார் அவள் தாயார். கேள்வியில் பிழையில்லை. கடையில் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள். அந்த வகை நட்சத்திரம் மணலுக்குள் வாழும் சிறு புழு, சிறு நத்தை, கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிர்கள் இவற்றைத் தின்று வாழ்வது. இரண்டு அடித் தொட்டியின் மணலில் அப்படிப்பட்ட இரை சில வாரங்களில் தீர்ந்துவிடும். மீன் தின்று மிச்சம் விழும் தூள் அதற்கு எந்த மூலைக்கு? மணல் சுத்தமானது உண்மைதான். அதாவது, சாப்பிட ஒன்றும் இல்லாமல் ஆனது.

ஒரு துண்டு இறாலை அதன் வாயருகே வைத்துப் பார்த்தேன். பற்றவில்லை. ஐந்தாம் நாள் அது இறந்துவிட்டது. பிறகு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "அதுக்குப் பசிச்சா ஏன் சொல்லல அங்கிள்?"

அந்தக் கேள்விக்குப் பெரியவர்களான நாம்தான் பதில் வைத்திருக்க வேண்டும். சொல்லத் தெரியாத உயிரை வீட்டுக்குக் கொண்டு வந்தால், அதன் பசியை நாள்காட்டியில் எழுதி வைத்துக்கொள்வது நம் வேலை.

எந்த வகை, யாருக்கு?

கடைகளில் நட்சத்திரத்தின் நிறத்தைச் சொல்லி விற்பார்கள். நீங்கள் அது என்ன சாப்பிடும் என்று கேளுங்கள். தேர்வை அதை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

நீல நட்சத்திரம், அதாவது லிங்கியா: பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் நிறம். இது பாறை மேல் படியும் மெல்லிய பாசி, நுண்ணுயிர்ப் படலம் இவற்றை மேய்ந்து வாழ்வது. இறால் துண்டு போட்டால் பெரும்பாலும் தொடாது. புதுத் தொட்டியில் மேய்ச்சல் நிலமே இருக்காது. பல ஆண்டுகள் முதிர்ந்த, பாறை நிறைந்த பெரிய தொட்டி இல்லாதவர்கள் இதைக் கடையிலேயே பார்த்து ரசித்துவிட்டு வருவது நல்லது. சிவப்பு ஃப்ரோமியா உருவில் சிறியது, ஆனால் சாப்பாட்டில் இதே குணம்தான்.

சேண்ட் சிஃப்டிங் ஸ்டார்: மேலே பார்த்தோம். ஆழமான மணல் பரப்பி, ஆண்டுக்கணக்கில் உயிர்கள் பெருகிய மிகப் பெரிய தொட்டிக்கு மட்டும். வீடுகளில் அப்படி ஒன்று அபூர்வம்.

சாக்லேட் சிப் ஸ்டார்: வெளிறிய உடம்பில் பழுப்புக் கொம்புகள் இருக்கும். அறிவியல் பெயர் புரோட்டோரியாஸ்டர் நொடோசஸ். நம் வட்டாரக் கடல்களின் கடற்புல் படுகைகளில் வாழ்வது. கையால் கொடுக்கும் உணவைச் சாப்பிடும் பெரிய வகை இதுதான். என்னிடம் இருப்பதும் இதுவே. ஆனால் இது பவளம், கடற்பஞ்சு, சிப்பி எல்லாவற்றையும் தின்னும். பவளம் வளர்ப்பவர்களுக்கு ஆகாது. ஓர் அடி அகலம் வரை வளரக்கூடிய உயிர் என்பதால் நான்கு அடித் தொட்டியாவது வேண்டும். பேத்தை மீன், ட்ரிக்கர் மீன் இவற்றோடு சேர்த்து விடாதீர்கள், கரங்களைக் கடித்துவிடும்.

பிரிட்டில் ஸ்டார்: பாம்பு வால் போன்ற நீண்ட கரங்கள் உள்ள தூரத்து உறவுக்காரர். பாறை இடுக்கில் ஒளிந்திருந்து, தீனி போட்டதும் கரத்தை நீட்டி எடுத்துக்கொள்ளும். மிச்சம் மீதியைத் தின்று பிழைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பச்சை நிற வகை மட்டும் வேண்டாம். அது வளர்ந்தபின் தூங்கும் மீனைப் பிடித்துத் தின்னும்.

கடைசியாக, காசில்லாமல் வரும் ஒன்று. துளைக்கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் அஸ்தெரினா என்ற குட்டி நட்சத்திரம், விரல் நகத்தைவிடச் சிறியது. சிலர் இதைத் தொல்லை என்று பொறுக்கி எறிவார்கள். பவளம் இல்லாத தொட்டியில் இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்தே வாழும். இவற்றில் சில வகை தானாகவே இரண்டாகப் பிரிந்து, இல்லாத கரங்களை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். ஒரு பெரிய கரமும் மூன்று குட்டிக் கரங்களுமாகக் கண்ணாடியில் ஊர்வதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நம் தாமான் பாப்பாவின் தொட்டியில் இப்போது இவைதான் இருக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணி நோட்டில் எழுதுகிறாள்.

நீர்க் கணக்கு

தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. வாய்க்காலில் கப்பி பிடித்ததும், போத்தலில் சண்டை மீன் வைத்து அட்டையால் மறைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். நன்னீரில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் அந்த மீன்கள் பொறுத்துக்கொண்டன. கடல்நீர்த் தொட்டியில் கணக்கு பிசகக் கூடாது.

ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. 150 லிட்டர் தொட்டிக்கு ஐந்தேகால் கிலோ. சமையல் உப்பு ஆகாது. கடற்கரையிலிருந்து நீர் அள்ளி வருவதும் வேண்டாம். படகு எண்ணெயும் சேறும் கலந்த கரையோர நீரை வீட்டில் சுத்தப்படுத்த முடியாது. குழாய் நீரில் குளோரின் இருக்கும், ஆர்.ஓ. வடிகட்டியில் வடித்த நீரில் உப்பைக் கலப்பதே பாதுகாப்பு.

அடர்த்தி எண் 1.025-ஐ ஒட்டி இருக்கட்டும். வெப்பம் 25 முதல் 28 பாகை. பி.எச். 8.1 முதல் 8.4. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருந்தாக வேண்டும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மிதக்கும் முள் உள்ள பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் போகப்போகப் பிசகும்.

ஈப்போவின் மதிய வெயிலில் மூடிய வீட்டுக்குள் தொட்டி 30 பாகையைத் தாண்டும். சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் அது குறைப்பது நீரை ஆவியாக்கித்தான். ஆவியாவது நீர் மட்டும். உப்பு அப்படியே தங்கிவிடும். 150 லிட்டர் தொட்டியில் தினம் 3 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் 21 லிட்டர் போயிருக்கும். லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 40-ஐத் தாண்டியிருக்கும். மீன் தாக்குப்பிடித்தாலும் பிடிக்கலாம், நட்சத்திரம் பிடிக்காது. திரும்பி வந்த பதற்றத்தில் 21 லிட்டர் நன்னீரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அதுவும் அதற்கு அடிதான். தினமும் குறைந்த அளவுக்கு, உப்பில்லாத நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தானாக நீர் விடும் சிறு பம்பு வைத்துக்கொள்ளலாம்.

சில்லர் வைக்க நினைப்பவர்கள் மின்கணக்கையும் போட்டுப் பாருங்கள். 300 வாட் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட். மாதம் 90 யூனிட். இந்தச் செலவுகளோடு ஒப்பிட்டால் நட்சத்திரத்தின் விலைதான் ஆகச் சிறியது. மாலையில் இடிமழையோடு மின்சாரம் போவதும் உண்டு என்பதால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

புதுத் தொட்டியில் அமோனியாவை முறித்துச் சமநிலை வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் விட அது போதும். நட்சத்திரத்துக்குக் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு பொறுங்கள். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் விடவே கூடாது. செம்பு முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

கடையிலிருந்து கொண்டு வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை அதன் பாத்திரத்தில் விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் பழக்குங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட நீருக்கு வெளியே தூக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்கவும் வேண்டாம், குழாய்க்கால்கள் அறுந்துவிடும்.

நாள்காட்டியில் எழுதிய பசி

என் வீட்டில் சமையலறை நாள்காட்டியில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சிறு புள்ளி வைத்திருக்கும். நட்சத்திரத்துக்கு உணவு நாள். காலைச் சந்தையில் வாங்கும் இறால், சோத்தோங், குப்பாங் சிப்பி, இவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து கட்டைவிரல் நகமளவு துண்டு. உப்பு, மஞ்சள் எதுவும் படாத பச்சைத் துண்டு. இடுக்கியால் பிடித்து ஒரு கரத்தின் நுனிக்கடியில் வைப்பேன். சில நிமிடங்களில் கரம் அதை உணரும். குழாய்க்கால்கள் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றி வாய்க்குக் கொண்டுபோகும். உடம்பு நடுவில் லேசாக மேடு தட்டும். அப்படியே ஓரிரு மணி நேரம் அசையாமல் இருக்கும். நட்சத்திரம் சாப்பிடுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் கண்ணாடிப் பக்கம் அது ஒட்டியிருக்கும்போது கொடுங்கள். வயிறு வெளியே வருவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மீன்கள் திருடாமலிருக்க, சிறு கண்ணாடிக் கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்து வைக்கலாம். சாப்பிட்டதும் எடுத்துவிடுங்கள்.

சாப்பிட்டதா என்று எழுதி வையுங்கள். ஒரு முறை மறுத்தால் பரவாயில்லை. தொடர்ந்து மூன்று முறை மறுத்தால் அன்றே நீரைச் சோதியுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. மூன்று மாதப் படங்களை வரிசையாக வைத்தால் தெரியும். கரங்கள் பருத்து, நுனி நிமிர்ந்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் நலம். தொய்ந்து போவது, கரம் சுருண்டு முறுக்கிக்கொள்வது, வெள்ளைப் புண் தோன்றுவது எல்லாம் எச்சரிக்கை. சந்தேகம் இருந்தால் நீருக்குள்ளேயே மெல்லப் புரட்டிவிடுங்கள். நலமாக உள்ளது சில நிமிடங்களில் கரத்தை மடித்து ஊன்றித் திரும்பிக்கொள்ளும். திரும்ப முடியாமல் கிடந்தால் நிலைமை மோசம். இந்தச் சோதனையை விளையாட்டாக அடிக்கடி செய்யாதீர்கள். இறந்தது உறுதியானால் உடனே வெளியே எடுத்து, நீரில் பாதியையாவது மாற்றுங்கள். அழுகும் உடம்பு தொட்டியிலிருக்கும் மற்ற உயிர்களையும் கொன்றுவிடும்.

கடலிலிருந்து எடுத்த ஒன்று

கோமாளி மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள். பெரிய நட்சத்திரங்கள் அப்படியல்ல. அவற்றின் குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து திரிந்து, உருமாறி, பிறகுதான் தரையில் இறங்கும். அந்தப் பருவத்தைத் தொட்டியில் கடத்துவது மிகக் கடினம். ஆகவே கடைக்கு வரும் பெரிய நட்சத்திரங்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து எடுத்தவை. நம் வீட்டில் ஒன்று செத்து, அதற்குப் பதில் இன்னொன்று வாங்கினால், கடலிலிருந்து இன்னொன்று குறைகிறது.

பிலிப்பைன்ஸின் டாவோ வளைகுடாவில் சாக்லேட் சிப் நட்சத்திரங்களை ஆராய்ந்தவர்கள் 2008-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதை அடையவே அவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெரியவை 17 ஆண்டுகள் வரை வாழலாம் என்று கணித்தார்கள். 17 ஆண்டு வாழக்கூடியது நான்கு மாதத்தில் பட்டினியால் போகிறது என்றால், அதற்கு நாம் வைத்த வீடு சரியில்லை.

கடலில் நட்சத்திரத்துக்கு ஒரு வேலையும் இருக்கிறது. 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ராபர்ட் பெய்ன் என்ற உயிரியலாளர் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திரங்களை மட்டும் தொடர்ந்து அகற்றிக்கொண்டே வந்தார். அவை தின்றுவந்த சிப்பிகள் பெருகிப் பாறையை அடைத்துக்கொண்டன. அங்கே இருந்த 15 வகை உயிர்கள் 8 ஆகக் குறைந்தன. ஓர் உயிர் போனால் அந்த இடத்தின் அமைப்பே சரியும் என்பதை உலகம் புரிந்துகொண்ட ஆராய்ச்சிகளில் இது ஒன்று. அதே பசிபிக் கரையில் 2013 முதல் ஒரு நோய் பரவி, நட்சத்திரங்கள் கரைந்து கரைந்து கோடிக்கணக்கில் மடிந்தன. விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று கண்டுபிடிக்க 2025 வரை ஆனது.

ஆகவே கடற்கரைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தியோமான், ரெடாங், புலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்களில் எந்த உயிரையும் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படித் தடை இல்லாத கரையிலும் நட்சத்திரத்தைப் போத்தலில் போட்டுக் கொண்டு வராதீர்கள். வீடு வந்து சேர்வதற்குள் நீர் சூடாகி அது பாதி செத்திருக்கும். குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கடையில் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் போகும்போது அவசரப்படாதீர்கள். ஒரு வாரமாவது அந்தக் கடையிலேயே இருந்த நட்சத்திரமா என்று கேளுங்கள். நீங்கள் எடுப்பது சாக்லேட் சிப் வகை என்றால், கடைக்காரரிடம் ஒரு துண்டு இறாலை அதன் கரத்துக்கடியில் வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பொறுமையாக நின்று பாருங்கள். அது துண்டைப் பற்றி வாய்க்கு இழுத்தால் வாங்குங்கள். இழுக்கவில்லை என்றால், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு வெறும் கையோடு வீட்டுக்கு வாருங்கள்.